அறுபத்து மூன்று மச்சான்மார்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உனைசியின் கணினித் திரையில் அறுபத்து மூன்று சிவப்பு வரிகள் வந்து விழுந்தன.

‘எமோசி: மனிதப் பெயர். அனுமதி இல்லை.’

‘வைசாகே: மனிதப் பெயர். அனுமதி இல்லை.’

‘விலிமைனா: மனிதப் பெயர். அனுமதி இல்லை.’

கடைசி வரி வரை இதே பாட்டுதான். உனைசி நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“யாரு இவங்கெல்லாம்?” என்று அவளுக்குப் பின்னால் நின்று கேட்டான் கித்தியோனே. எட்டு வருஷம் பிரிஸ்பேனில் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் இந்தத் தீவு நாட்டின் தலைநகரான சுவாவுக்குத் திரும்பி, இந்தக் கப்பல் கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு அதிகாரியாக வந்து உட்கார்ந்தவன்.

“என் மச்சான்மாருங்க, மச்சினிமாருங்க.”

“அறுபத்து மூணு பேருமா?”

“எங்கம்மாகூடப் பொறந்த ஆம்பளைங்க ஏழு பேரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

வாலு பே துறைமுகத்திலிருந்து வெளித்தீவுகளுக்குப் போகிற சரக்கை எந்தக் கப்பலில் எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்கிற கணினி ஸ்கிரிப்ட் அது. ஒன்பது வருஷம் ரசீது கவுண்டரில் உட்கார்ந்து சலித்துப்போன உனைசி, தானே படித்து, தானே எழுதியது. அதனால்தான் அவளுக்கு இந்த ஜன்னலோர மேசை கிடைத்தது. ஸ்கிரிப்டில் வேரியபிள் என்பது ஒரு டப்பா மாதிரி. உள்ளே ஓர் எண்ணைப் போட்டு, மேலே ஒரு பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். என்ன பெயர் என்பது ஒட்டுகிறவர் பாடு. உனைசி தன் கோரோ தீவுச் சொந்தங்களை ஒட்டிவிட்டாள்.

சும்மா ஒட்டவில்லை, பொருத்தம் பார்த்துத்தான் ஒட்டினாள். மொத்த எடைக்கு எமோசி. அவன் ஒரு பக்கம் உட்கார்ந்தால் தேவாலயத்து பெஞ்சின் மறுபக்கம் எழுந்து நிற்கும். ஓயாமல் எண்ணிக்கொண்டே போகிற டப்பாவுக்கு விலிமைனா. அவள் வாயைத் திறந்தால் மூட ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் வைத்திருந்து தூக்கி எறிகிற தற்காலிக மதிப்புக்கு வைசாகே; மூன்று முறை நிச்சயமாகி மூன்று முறையும் கல்யாணம் ஆகாதவன்.

அண்ணன் பெயரையோ மாமனார் பெயரையோ இப்படி எழுதியிருந்தால் அவள் ஊரில் கால் வைக்க முடியாது. மச்சானை எதுவும் சொல்லலாம். கேலி செய்யாவிட்டால்தான் கோபித்துக்கொள்வான். கேலியை வாங்குகிறவன் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும். முகம் சுளித்தால் தோற்றான் என்று அர்த்தம். கித்தியோனேயும் இதே மண்ணில் பிறந்தவன்தான். எட்டு வருஷத்தில் மறந்து தொலைத்திருந்தான்.

“இனிமே பெயரிடல் விதின்னு ஒண்ணு இருக்கு,” என்றான் அவன். “ஒண்ணு, பேரைப் பாத்ததும் வேலை தெரியணும். ரெண்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல ஒரு அடிக்கோடு வரணும். மூணு, மனுஷங்க பேரு கூடவே கூடாது.”

“எமோசின்னா மொத்த எடைன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே! கீழ மூட்டை தூக்கறவங்களே ‘எமோசி நெறஞ்சிட்டான், கதவைச் சாத்து’ன்னுதான் கத்தறாங்க.”

“எனக்குத் தெரியலையே.”

“நீங்க வந்து மூணு வாரந்தான் ஆகுது. கோரோவுக்கு ஒரு தடவை போயி அவன் பக்கத்துல பெஞ்சுல உக்காந்து பாருங்க, தெரிஞ்சிடும்.”

கித்தியோனே பெயர்களைச் சோதிக்க ஒரு செக்கரும் எழுதி வைத்திருந்தான். கம்பெனியின் பயணிகள் பதிவேட்டில் பதினோராயிரம் பெயர்கள் உண்டு. அதில் பெயர் ஏறாதவர் கப்பலில் ஏற முடியாது. பதிவேட்டில் இருக்கிற எந்தப் பெயர் ஸ்கிரிப்டில் தலைகாட்டினாலும் செக்கர் பிடித்துக் கொடுத்துவிடும். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேனேஜர் முன்னாடி இதை ஓட்டிக் காட்டுவேன்,” என்று அறிவித்தான். “ஒரே ஒரு மனுஷப் பேரு இருந்தாலும், அதை எழுதினவங்க ரசீது கவுண்டர்ல போய் உக்காரட்டும்.”

உனைசி அந்தக் கவுண்டரை மறந்திருக்கவில்லை. கவுண்டர் என்றால் ஒன்பது வருஷத்துத் தூசி. ஆனால் முகத்தில் பயத்தைக் காட்டுகிற ஜாதி அவள் இல்லை.

“யாரு எழுதினாலுமா?”

“யாரு எழுதினாலும்.”

“முன்சாமி சார், கேட்டுக்கிட்டீங்களா?”

மேனேஜர் முன்சாமி உருளைக்கிழங்கு வைத்துச் சுற்றிய ரொட்டியை வாயில் வைத்திருந்தார். சண்டை யாருக்கும் யாருக்கும் என்று விசாரிக்காமலே தலையை ஆட்டினார். ரொட்டி முடிகிற வரை அவர் எதற்கும் தலையாட்டுவார்.

அப்போது போன் அடித்தது. கோரோவிலிருந்து சாட்சாத் எமோசியே.

“ஏ உனைசி! பொஞ்சாதிய நர்ஸ் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. இன்னிக்கோ நாளைக்கோ பொறந்துடும். பேரு எங்க?”

தலைச்சன் பிள்ளைக்கு உனைசிதான் பெயர் வைக்க வேண்டும் என்று இரண்டு குடும்பமும் கூடி, யாங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடித்து, எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

“யோசிச்சிட்டிருக்கேன் மச்சான். அவசரப்படாத.”

“ஒம்பது மாசமா யோசிக்கற! ஆபீஸ்ல உனக்குப் பேர் வெக்கறதுதானே வேலை?”

“அதுக்குத்தான் இங்க ஒருத்தர் உலை வெச்சிட்டிருக்காரு. சரி, சாயங்காலக் கப்பல்ல ஒரு பெட்டி வருது. கொழந்தைத் துணி, ஒரு பாய், பவுடர் எல்லாம் இருக்கு.”

“பெட்டி கெடக்கட்டும், பேரை அனுப்பு. நீ என்ன அனுப்பினாலும் அதுதான். நான் கேள்வி கேட்டா என்னை மச்சான்னு கூப்பிடாத.”

உனைசி போனை வைத்துவிட்டு, பெட்டிக்கு எமோசி பெயரில் விலாசச் சீட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, சாப்பிடப் போனாள். அவள் மீனும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டு முடிக்கிற அரை மணி நேரம் கித்தியோனேவுக்குப் போதுமானதாக இருந்தது.

தேடு, மாற்று. அவ்வளவுதான். எமோசி இருந்த இடமெல்லாம் மொத்த_எடை. வைசாகே இருந்த இடமெல்லாம் தற்காலிக_மதிப்பு. அறுபத்து மூன்று பெயரையும் அந்தக் கோப்புறை முழுக்க ஒரே தட்டில் மாற்றிவிட்டு, செக்கரை ஓட்டினான். எல்லாம் பச்சை. விசிலடித்துக்கொண்டே காபி எடுக்கப் போனான்.

அதே கோப்புறையில்தான் கோரோ கப்பலுக்கான விலாசச் சீட்டுகளும் அச்சாகக் காத்திருந்தன. அதை அவன் பார்க்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் சீட்டை ஒட்டுவார்களே தவிர, படிக்க மாட்டார்கள். மாலை ஐந்து மணிக்குக் கப்பல் போய்விட்டது.

மறுநாள் காலை கோரோ படகுத்துறைக்காரன் கூப்பிட்டான். “உனைசியக்கா, இங்க பதினோரு சாமான் அனாதையா நிக்குது. மொத்த_எடைங்கறது யாரு? புதுசா குடிவந்தவரா?”

உனைசி மெதுவாகத் தலையைத் திருப்பிக் கித்தியோனேவைப் பார்த்தாள். கோரோவில் எமோசிகள் மட்டும் நாலு பேர். தாத்தா பெயரைப் பேரன், பெரியப்பா பெயரைத் தம்பி மகன் என்று வைத்து வைத்து அந்தத் தீவே நூறு பெயர்களுக்குள்தான் ஓடுகிறது. கித்தியோனே மாற்றியது ஒரு வேரியபிளை இல்லை, பாதி ஊரை.

“அக்கா, அனுப்பினவங்கன்னு உங்க பேரு போட்ட பெட்டியை மட்டும் உங்க மச்சான் வீட்டுல குடுத்துட்டோம்,” என்றான் படகுத்துறைக்காரன். “ஆனா போதகருதான் ரொம்ப வருத்தப்படறாரு. அவரோட பாட்டுப் புஸ்தகப் பெட்டி மேல தற்காலிக_மதிப்புன்னு போட்டிருக்கு.”

போதகரின் பெயரும் வைசாகேதான். மதிப்புக்குரிய வைசாகே, நல்ல மனிதர். அடுத்த மாதம் தன்னை வேறு தீவுக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு காதில் விழுந்து, தூக்கமில்லாமல் இருந்தவர். கப்பல் கம்பெனிக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்று அவர் துணிமணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாராம்.

“இதுக்கு ஒரு கட்டு யாங்கோனா வெச்சு மன்னிப்புக் கேக்கணும் சார்,” என்றாள் உனைசி. “போதகர் உங்களுக்கு மச்சான் கெடையாது.”

“சின்னத் தொழில்நுட்பக் கோளாறு. திருப்பி மாத்திட்டா சரியாப் போச்சு,” என்றான் கித்தியோனே.

“திருப்பி மாத்தாதீங்க.”

“ஏன்?”

“நான் சொன்னா கேக்கவா போறீங்க?”

கேட்கவில்லை. மொத்த_எடை இருந்த இடமெல்லாம் எமோசி என்று திருப்பிப் போட்டான். இதற்கு நடுவில் எமோசியிடமிருந்து ஒரு போன் வந்தது. காற்றும் இரைச்சலும்தான் அதிகம் கேட்டது.

“உனைசி... பொண்ணு... மூணரை கிலோ! பெட்டி வந்துச்சு... நீ பெரிய ஆளு... நான் தோக்க மாட்டேன்...”

“மச்சான்! பேரு யோசிச்சிட்டேன். லிதியா! கேக்குதா? லி...தி...யா!”

லைன் செத்துப்போயிருந்தது. கோரோவில் பெருங்காற்று அடித்து டவர் படுத்துவிட்டதாக அரியேதா சொன்னாள். அரியேதா ரசீது கவுண்டரில் இருக்கிற பெண். பயணிகள் பதிவேட்டில் பெயர் ஏற்றுவதும் அவள் வேலை. ஊர்ச் செய்தியெல்லாம் கப்பலுக்கு முன்னால் அவளிடம் வந்து சேரும். உனைசி அன்றைக்கு எட்டு முறை போன் போட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

புதன்கிழமை வேறொரு தீவுக்குப் போகிற கப்பலைத் துறைமுக அதிகாரி பிடித்து நிறுத்திவிட்டார். கப்பலில் ஏற்றிய சுமையைக் காட்டும் தாளில் மேலேயிருந்து கீழே வரை ‘மொத்த_எடை’ என்று கம்பெனியின் பழைய தலைப்புகள் இருக்கும். கித்தியோனே திருப்பி மாற்றியதில் அவையும் மாறியிருந்தன.

“எமோசி, நாற்பத்திரண்டு டன்,” என்று கேப்டனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார் அதிகாரி. “யாரய்யா இந்தப் பயணி? எந்த பெர்த்துல படுக்க வெச்சிருக்கே?”

கேப்டன் தலையைச் சொறிந்தார். கப்பல் மூன்று மணி நேரம் நின்றது. கூடைக் கோழிகளும், சேப்பங்கிழங்கு மூட்டைகளும், அவற்றின் மேல் உட்கார்ந்த பயணிகளும் வெயிலில் வாடினார்கள். ஒரு அம்மாள் நேராக அலுவலகத்துக்கே ஏறி வந்து, “அந்தக் குண்டனை இறக்கி விட்டுட்டுக் கப்பலை எடுங்களேன்யா!” என்று கித்தியோனேவின் முகத்துக்கு நேராகக் கத்திவிட்டுப் போனாள்.

அன்று மாலை அவன் எமோசியை மறுபடியும் மொத்த_எடை ஆக்கினான். இந்த முறை விலாசச் சீட்டுகளையும் தாள்களையும் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மாற்றினான் என்பதை அவனுக்காகச் சொல்லத்தான் வேண்டும். முன்சாமி ரொட்டி இல்லாத நேரமாகப் பார்த்து இருவரையும் கூப்பிட்டார்.

“இதுக்கு மேல என் கப்பல் எதுவும் நிக்கக் கூடாது. உனைசி, நீதானே எழுதினே, விதிப்படி நீயே புதுப் பேரு வெச்சுக் குடுத்துடேம்மா.”

“விதிப்படி வெச்சா சார் ஒத்துக்குவாரா?”

“விதிப்படின்னா மறுபேச்சே இல்லை,” என்றான் கித்தியோனே.

வியாழன் காலை பதினொரு மணிக்கு உனைசி அறுபத்து மூன்று புதுப் பெயர்களைக் கொடுத்தாள். பெயரைப் பார்த்ததும் வேலை தெரிந்தது. சொல்லுக்குச் சொல் அடிக்கோடு இருந்தது. மனிதப் பெயர் ஒன்றுகூட இல்லை.

‘ஏற்ற_முடியாது_என்று_கேப்டன்_சொல்லிவிட்டுக்_கடைசியில்_ஏற்றிக்கொண்ட_சரக்கின்_எடை’ என்று ஒன்று. ‘டீசல்_தீர்ந்துவிடும்_என்று_மூன்று_தடவை_சொல்லியும்_யாரும்_காதில்_வாங்காத_அளவு’ என்று ஒன்று. ‘பிரிஸ்பேனிலிருந்து_ஆள்_வருகிற_வரைக்கும்_ஒழுங்காக_ஓடிக்கொண்டிருந்த_எண்ணிக்கை’ என்று ஒன்று.

செக்கர் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. அலுவலகமே அவள் மேசையைச் சுற்றி நின்று படித்துப் படித்துச் சிரித்தது. முன்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இது நக்கல்!” என்றான் கித்தியோனே.

“எந்த விதியில நக்கல் கூடாதுன்னு இருக்கு?”

கித்தியோனே அங்கேயே நின்று நாலாவது விதியை எழுதினான்: இருபது எழுத்துக்கு மேல் கூடாது. செக்கரை மறுபடி ஓட்டினான். அறுபத்து மூன்றும் சிவப்பு.

“வெட்டிக் குடுங்க,” என்றான்.

“மாட்டேன்.”

“அப்ப நான் திங்கட்கிழமை வெச்ச பேருங்களே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் என் பேருக்கு மாறிடும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

உனைசி எழுந்து நின்றாள். அவள் கோபத்தில் கத்துகிறவள் இல்லை. குரல் இறங்கினால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள்.

“மூணு வருஷமா இந்த ஸ்கிரிப்ட்டால ஒரு கப்பலும் நின்னதில்ல. நீங்க கை வெச்ச மூணு நாள்ல ஒரு கப்பல் நின்னிருக்கு, ஒரு போதகர் மூட்டை கட்டியிருக்காரு. என் மச்சான்மாருங்களை அவங்க பேரோட ஏத்திக்கிட்டா நான் இருக்கேன். இல்லேன்னா கையெழுத்தும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது.”

“கையெழுத்துப் போடலைன்னா கவுண்டருக்குத்தான் போகணும்.”

“போறேன். நீங்க அனுப்பி நான் போகல. நானாப் போறேன்.”

தன் கோப்பையையும், நாற்காலி மேல் போட்டிருந்த சின்னப் பாயையும் எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் கண் கரித்தது. அரியேதா ஒரு பன்னைப் பிய்த்துப் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை கோரோ டவர் எழுந்து நின்றது. காலையிலிருந்தே அரியேதாவின் போன் ஓயவில்லை. மூன்று நாளாகத் தேங்கிய முன்பதிவுகளையெல்லாம் பதிவேட்டில் ஏற்றி ஏற்றி அவளுக்கு விரல் வலித்தது. உனைசி ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். வரிசை வாசல் வரை நின்றதில் ஊருக்குப் போன் போட அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு முன்சாமி கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கித்தியோனே இஸ்திரி போட்ட சுலு வேட்டியும் பூப்போட்ட சட்டையுமாக நின்றான்.

“இனிமே யாரு வந்து படிச்சாலும் புரியும். மனுஷங்க பேரு ஒண்ணுகூட கெடையாது,” என்று சொல்லி, விசையைத் தட்டினான்.

பச்சை வரிகள் மளமளவென்று ஏறின. அறுபத்திரண்டு. கடைசியாக ஒன்று மட்டும் சிவப்பாக வந்து நின்றது.

‘மொத்த_எடை: மனிதப் பெயர். அனுமதி இல்லை.’

கித்தியோனே மறுபடி தட்டினான். மறுபடியும் அதேதான். கணினியை அணைத்துப் போட்டுத் தட்டினான். அது தன் பேச்சை மாற்றிக்கொள்கிற மாதிரித் தெரியவில்லை.

“செக்கர்ல ஏதோ கோளாறு...”

“நேத்து உனைசியோடதுக்கு அறுபத்து மூணும் சிவப்பு காட்டினப்ப கோளாறு இல்லையே?” என்றார் முன்சாமி. இன்றைக்கு அவர் கையில் ரொட்டி இல்லை. “மனுஷப் பேரை யாரு எழுதினாலும் கவுண்டர்தான்னு திங்கட்கிழமை ஒரு பேச்சு வந்துச்சே. நான் தலையாட்டின ஞாபகம் இருக்கு.”

உனைசி ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குமே புரியவில்லை.

“சார், இது மனுஷன் பேரா சார்?” என்று கித்தியோனே திரையைக் குத்திக் குத்திக் காட்டினான். “உலகத்துல எந்த அப்பனாவது தான் பெத்த புள்ளைக்கு மொத்த_எடைன்னு பேர் வெப்பானா?”

அரியேதா பதிவேட்டில் அன்று காலை ஏற்றிய பெயரின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் உனைசி எழுந்த ஸ்டூலைத் துடைத்துக் கித்தியோனேவின் பக்கம் நகர்த்தினாள்.

“எமோசி வெச்சிருக்காரு சார்; துணிப் பெட்டி மேல நீங்க போட்டு அனுப்பினதைப் பாத்து உனைசியக்காதான் பேரு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சு, நடுவுல இருக்கற கோட்டைக்கூட விடக்கூடாதுன்னு சொல்லித்தான் பொண்ணு பேரைப் பதிய வெச்சாரு.”